வாசலில் இடமில்லாத வீட்டில் கருநீலக் காரைக் கழுவுவதும் வேக்ஸ் போடுவதும்

வேலூர் வேலப்பாடியில் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருப்பதாகவும், உங்கள் கருநீலக் காரைத் தெருமுனையிலுள்ள காலி மனையின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்துவதாகவும், மோட்டார் போட்டுக் குழாயால் கழுவ வீட்டு உரிமையாளர் ஒப்புவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாட்டர் வாஷ் கடையில் மாதம் இருமுறை விட்டு வந்ததில், ஓராண்டுக்குள் பானட் முழுவதும் வெயிலில் சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிகின்றன என்றும் சொல்கிறீர்கள். இடமும் குழாயும் இல்லாமல் நாமே கழுவி வேக்ஸ் போட முடியுமா, சென்ற மாதம் மறுபடி பெயிண்ட் அடித்த இடது பின்கதவுக்கும் அதைப் போடலாமா என்பவை உங்கள் கேள்விகள். கருநிற பெயிண்டின்மேல் கிடக்கும் தூசியைத் தேய்க்காமல் அகற்றுவது எப்படி என்பதே இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி என்று நான் நினைக்கிறேன். அதற்கு வழி தெரிந்துவிட்டால் இடமில்லாதது பெரிய குறையாக இராது. விருதம்பட்டுப் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் கார்களுக்கு பெயிண்ட் அடித்தும் பாலிஷ் செய்தும் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்கள் வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுவதால், கீறல்களின் ஆழத்தைப் பற்றி நான் சொல்வதை மட்டும் ஒரு மதிப்பீடாகக் கொள்ளுங்கள்.

முதலில் ஐயமில்லாதவை. இன்றைய காரின் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடிக்கப்படும் இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனுக்குள் அடங்கும்; அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். அதாவது, நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட அதற்கு இல்லை. நீங்கள் காணும் கோடுகள் இந்த மேலடுக்கில் விழுந்த மெல்லிய கீறல்கள். அவை உண்மையில் எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டவட்டமாகத் தோன்றுகின்றன. அதே கடையில் கழுவப்படும் வெள்ளைக் காரிலும் இவ்வளவு கீறல்கள் இருக்கத்தான் செய்யும். ஆனால் வெள்ளை நிறம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் கீறலின் மினுக்கம் அதில் கரைந்துவிடுகிறது. கருநீலமும் கறுப்பும் ஒளியை உள்வாங்கிக்கொள்வதால் கீறல் மட்டும் தனித்துத் தெரிகிறது. ஆகவே உங்கள் காரின் பெயிண்ட் மட்டமானது என்று வருந்த வேண்டாம்.

கீறல் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஐயமில்லை. வேலூரைச் சுற்றியிருப்பவை கருங்கல் மலைகள். கல்குவாரித் தூளும், வறண்ட பாலாற்றின் மணலும், நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பும் மண்ணும் கலந்த தூசிதான் நம் வண்டிகள்மேல் படிகிறது. அதில் குவார்ட்ஸ் துகள்கள் ஏராளம். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண ஜன்னல் கண்ணாடியே அதற்குக் கீழேதான் வரும் என்றால், கிளியர் கோட் எம்மாத்திரம்? இந்தத் தூசி இருக்கும்போது துணி எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் பயனில்லை. புதுக்காருடன் கொடுக்கப்படும் மஞ்சள் துணியால் காலையில் பானட்டை உலர்ந்த நிலையில் ஒரு துடை துடைப்பது, மார்கழிப் பனி படர்ந்திருப்பதைப் பார்த்து ஈரம்தான் இருக்கிறதே என்று அப்படியே வழித்துவிடுவது, ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் தெருவின் எல்லா வண்டிகளையும் துடைத்துச் செல்பவரிடம் நம் வண்டியையும் மாதக் கணக்கில் ஒப்படைப்பது ஆகிய மூன்றும்தான் இவ்வூரில் கருநிறக் கார்களைக் கெடுப்பவற்றில் முதன்மையானவை. வேலை செய்பவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வண்டிக்கு அவர்களுக்குக் கிடைக்கும் காசுக்கும் நேரத்துக்கும் அதற்குமேல் செய்ய இயலாது. ஆனால் வாரம் ஒருமுறை முறையாகக் கழுவி, இடையில் உள்ள நாட்களில் தூசியோடு விட்டுவிடுவது, நாள்தோறும் துடைப்பதைவிட நிச்சயமாக நல்லது.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்தில் கீறலுக்கு அடுத்தபடி கருநிறக் காரைக் கெடுப்பது போர் தண்ணீர்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, வேலூர் என்று பழைய வடாற்காடு மாவட்டத்தின் பாலாற்றங்கரை நிலத்தடி நீரைத் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் எவ்வளவு பாழ்படுத்தின என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. கழிவு எட்டாத இடங்களிலும் பாறைக்குள்ளிருந்து வரும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. குடிக்கப் பொறுத்துக்கொள்ளும் அந்த அளவே பெயிண்டுக்கு அதிகம். ஒரு துளி நீர் வெயிலில் வற்றும்போது அதிலிருந்த உப்பு முழுவதும் அந்த ஒரு வட்டத்துக்குள் படிந்துவிடுகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், வெயிலில் நிற்கும் கருநிறத் தகடு அதைவிட மிகுதியாகச் சூடேறித் துளியை விரைவில் வற்றவைக்கிறது. அந்த வெள்ளை வட்டங்கள் உடனே துடைத்தால் போகும். சில வாரம் வெயிலில் வெந்தால் கிளியர் கோட்டையே அரித்துப் பள்ளம் விட்டுச் செல்லும்.

இதில் பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு உண்டு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துவைத்துக் காரைக் கழுவுகிறார்கள். வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் செறிந்திருப்பது அந்த நீரில்தான். அது மூல நீரைவிடக் கடினமானது. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள், கருநிறக் காருக்கு வேண்டாம். அதற்கு மாறாக, ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானதால் உப்பு ஏறக்குறைய இல்லாதது. ஓர் இரவில் சில லிட்டர் சேர்ந்துவிடும்; மெல்லிய துணியில் வடிகட்டிக் கேனில் வைத்துக்கொண்டால் கழுவுவதற்கு அதைவிடச் சிறந்த நீர் இலவசமாகக் கிடைக்காது. மாடியிலிருந்து வடியும் மழைநீரும் அவ்வாறே, முதல் மழையின் அழுக்கு போன பிறகு பிடித்ததாக இருந்தால். இரண்டும் இல்லாத நாளில், காவிரிக் கூட்டுக் குடிநீர் போர் தண்ணீரைவிட மேலானது. குடிநீரைக் காருக்குச் செலவிடுவதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரால் கார் கழுவுவதற்குத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. ஆனால் நான் சொல்லப்போகும் முறைக்கு மொத்தமே ஒரு வாளிதான் செலவாகும்.

அந்த முறைக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்று பெயர். அலசத் தேவையில்லாத ஒரு திரவத்தைச் சிறிதளவு நீரில் கலந்து கழுவுவது. அதிலுள்ள பாலிமர்கள் தூசித் துகளைச் சூழ்ந்துகொண்டு, துகளுக்கும் பெயிண்டுக்கும் இடையே வழுக்கும் தன்மையை உண்டாக்குகின்றன. இவ்வகைத் திரவங்கள் பலவற்றுக்கு 1-க்கு 256 என்ற கலவை விகிதம் வழக்கம், அதாவது 10 லிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லி. உங்கள் புட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது, ஒரு புட்டி மாதக்கணக்கில் வரும். முறையாகச் செய்தால் குழாய்க் கழுவலைவிட இதில் கீறல் குறைவா, கூடுதலா என்பதில் தொழில் செய்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் வாட்டர் வாஷ் கடையில் பல வண்டிகளைத் தேய்த்த பஞ்சோடும் பிரஷ்ஷோடும் ஒப்பிட்டால் இது பல படி மேல் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

வேண்டியவை ஒரு வாளி, இரண்டு லிட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயர், மைக்ரோஃபைபர் துண்டுகள் எட்டு, துடைத்து உலர்த்துவதற்குத் தடித்த பெரிய துண்டு இரண்டு. இவற்றை ஒரே பையில் மாடியிலிருந்து இறக்கிவிடலாம். ஸ்பிரேயரிலும் வாளியிலும் ஒரே கலவையை ஊற்றிக்கொள்ளுங்கள். எட்டுத் துண்டுகளையும் வாளியில் ஊறவைத்துவிட்டு, காரின் கூரையில் ஒரு பாதியை மட்டும் ஸ்பிரேயரால் நன்றாக நனைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். தூசி இளகுவதற்கு இந்தக் காத்திருப்பு மிகவும் இன்றியமையாதது. அவசரப்படுபவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். பிறகு ஒரு துண்டை எடுத்து, தண்ணீர் சற்றே சொட்டும் அளவுக்கு மட்டும் பிழிந்து, நான்காக மடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஒரே திசையில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஒரு முகம் அழுக்கானதும் மடிப்பை மாற்றுங்கள். நான்காக மடித்த துண்டில் எட்டு முகங்கள் இருக்கின்றன. எட்டும் முடிந்த துண்டு மறுபடி அந்த வாளிக்குள் போகக் கூடாது, தனிப் பையில் போட்டுவிடுங்கள். அழுக்குத் துணி திரும்பவும் வாளிக்குள் போவதைத் தடுப்பதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது. இதனால்தான் குழாய்க் கழுவலுக்குச் சொல்லப்படும், ஒன்றில் சோப்பு நீரும் மற்றொன்றில் துணியை அலசும் நீரும் வைக்கும் இரண்டு வாளி ஏற்பாடு இங்கே தேவைப்படுவதில்லை.

கூரை, கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவுகளின் மேற்பாதி, பிறகு கதவுகளின் கீழ்ப்பாதி, கடைசியாக பம்பர்கள் என்று மேலிருந்து கீழே வாருங்கள். கதவின் கீழ்ப்பாதியில் சக்கரம் தெறித்த மணல் இருப்பதால், அங்கே தொட்ட துண்டு மேலே ஏறவே கூடாது. சக்கரங்களுக்குத் தனித் துணி. அந்தத் துணி என்றைக்கும் சக்கரத்துக்கு மட்டுமே. ஒவ்வொரு பகுதியையும் கழுவியதும் அது தானாக வற்றும் முன் தடித்த துண்டை அதன்மேல் விரித்து மெல்ல இழுத்து உலர்த்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உலர்த்துவதற்குச் சமாய் லெதர் நல்லதா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். தோலுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாலும், மைக்ரோஃபைபர்தான் பாதுகாப்பானது. மீன் எண்ணெயில் பதனிட்ட உண்மையான சமாய்த் தோலானாலும், அந்தப் பெயரில் விற்கப்படும் செயற்கைத் தாளானாலும், அதற்குப் பூத்துணி போன்ற இழைகள் இல்லை. தப்பிய ஒரு மணல் துகள் உள்ளே ஒதுங்க இடமின்றிப் பெயிண்டின்மேலேயே இழுபடும். தரையில் விழுந்த துண்டை அன்று மறுபடி காரில் வைக்காதீர்கள். துண்டுகளைத் துவைக்கும்போது மற்றத் துணிகளோடு சேர்க்காமல், துணிக்கு வாசனையும் மென்மையும் தரும் திரவம் எதுவும் ஊற்றாமல், மதில்மேல் விரிக்காமல் கொடியில் உலர்த்துங்கள்.

எப்போது கழுவுவது என்பதற்கு என் விடை விடியற்காலை. மாலையில் வெயில் இறங்கிய பின்னும் கருநிறத் தகடு வெகுநேரம் சூட்டை விடாது. பானட்டின்மேல் உள்ளங்கையைப் பத்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அப்போது கழுவவோ வேக்ஸ் போடவோ கூடாது. காலையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெருவில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்து முடியும் வரை பொறுத்திருந்து தொடங்குங்கள். பெருக்கும்போது எழும் புழுதி ஈரப் பெயிண்டின்மேல் வந்து ஒட்டும். யார் வாசலிலும் கோலத்தின்மேல் உங்கள் நீர் வழியாதபடி வண்டியை நிறுத்துவதும் நல்லது. இந்த முறையில் தரையில் விழுவது சில சொட்டுகள்தான் என்பதால், வீட்டு உரிமையாளரும் அக்கம்பக்கத்தாரும் மறுப்புச் சொல்லக் காரணம் இராது.

மழைக்காலத்தில் கிராமத்துச் சாலைகளில் போய்வந்து செம்மண் அப்பியிருக்கும்போது ரின்ஸ்லெஸ் முறையைத் தொடவே கூடாது. சேற்றை முதலில் நீரால் மட்டுமே இளக்கி வடியவிட வேண்டும். இதற்கு நான் பலருக்கும் பரிந்துரைப்பது, உழவர்கள் பயிருக்கு மருந்து தெளிக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். வேளாண் பொருள் கடைகளில் கிடைக்கும். தோளில் மாட்டி மாடியிலிருந்து இறக்கலாம். மின் இணைப்பும் குழாயும் வேண்டாம். அழுத்தம் குறைவுதான், ஆனாலும் பொறுமையாக இரண்டு சுற்று அடித்தால் மண்ணில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். புதியதாக வாங்குங்கள், களைக்கொல்லி அடித்த பழைய கருவியைக் கொண்டுவர வேண்டாம். அதுவும் இயலாவிட்டால் வாட்டர் வாஷ் கடைக்கே போங்கள், ஆனால் அடிப்பக்கமும் சக்கர வளைவுகளும் உள்பட அழுத்த நீரால் அடித்துவிடுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள். நுரை, பிரஷ், துடைப்பு எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அங்கிருந்து நிழலுக்கு ஓட்டிவந்து, போர் தண்ணீர் வற்றும் முன் உங்கள் துண்டால் முடித்துக்கொள்ளலாம். அடிப்பக்கத்துக்கு டீசல் அடிப்பதை மறுத்துவிடுங்கள். அது ரப்பர் பாகங்களைக் கெடுப்பதோடு தூசியையும் ஈர்த்துவைக்கும். துணி சோப்புத் தூள், பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவையும் வேண்டாம். அவை வேக்ஸை அகற்றிவிடும், சோப்போ நம் கடின நீரில் திரிந்து படலமாக ஒட்டிக்கொள்ளும்.

வேப்பமரத்தடி நிழலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். நிழல் நல்லதுதான், ஆனால் மரத்தில் அடையும் பறவைகளின் எச்சம் கருநிறப் பெயிண்டுக்கு வெயிலைவிடக் கொடியது. அமிலமும் வெப்பமும் சேர்ந்து கிளியர் கோட்டை மங்கவைத்துவிடும், கோடையில் ஒரே பகலில்கூட. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஸ்பிரேயர் கலவையில் நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் இளகிவிடும், பிறகு தேய்க்காமல் தூக்கி எடுங்கள். இதற்கென்றே ஒரு சிறு புட்டியும் இரண்டு துண்டும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். மாமரத்தடியில் பூச்சிகள் சொரியும் பிசுபிசுப்பும் இப்படித்தான். கவர் போட்டு மூடலாமா என்றால், கழுவி உலர்ந்த காரின்மேல் மட்டும் போடலாம். தூசி படிந்த காரின்மேல் போட்ட கவர் காற்றில் ஆடி ஆடித் தேய்க்கும். தெருவில் நிற்கும் வண்டிக்கு நாள்தோறும் கழுவி மூட முடியாது என்பதால், உங்களுக்குக் கவர் வேண்டாம் என்பதே என் கருத்து.

இப்போது விழுந்துவிட்ட கீறல்கள். நம் ஊர்க் கடைகளில் வேக்ஸையும் பாலிஷையும் ஒரே பொருள்போலச் சொல்லி விற்பதால் இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாலிஷ் என்பது மேலடுக்கை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுத்து, கீறலின் விளிம்புகளைச் சமன்செய்வது. வேக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலமாக அமர்கிறது. ஆகவே வேக்ஸ் போட்டால் கீறல் போகாது. சிறு கீறல்கள் சில வாரம் நிரம்பி மறைந்திருக்கும், அவ்வளவே. பார்த்ததும் பளபளக்கவைத்து, இரண்டு கழுவலில் பழைய கோடுகள் திரும்பிவிடும் பல வேலைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. நகத்தால் வருடும்போது தட்டுப்படாத கீறல்கள் பெரும்பாலும் மெஷின் பாலிஷில் நீங்கும். தட்டுப்பட்டால் ஆழமானது, பாலிஷால் முழுவதும் போகாது. இந்த நகச் சோதனை ஓரளவுக்கு மட்டுமே நம்பத்தக்கது. கிளியர் கோட்டின் மொத்தத் தடிமனை மேலே சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் போய்விடும், போனது திரும்ப வராது. முரட்டு ரப்பிங் காம்பவுண்டால் ஆண்டுதோறும் பாலிஷ் செய்யும் கார்களில் ஓரங்களும் மடிப்புகளும் முதலில் வெளுப்பதைப் பார்க்கலாம். எனவே கழுவும் முறையை மாற்றிய பிறகு ஒரே ஒருமுறை, பெயிண்டின் தடிமனை அளந்து பார்க்கும் கருவி வைத்திருப்பவரிடம் செய்யுங்கள். கழுவும் முறையை மாற்றாமல் செய்வது வீண் செலவு.

வெள்ளை நீர்க்கறைகள் இருந்தால், சமையல் வெள்ளை வினிகரையும் உப்பில்லாத நீரையும் சம அளவில் கலந்து, நிழலில், குளிர்ந்த தகட்டின்மேல் ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துக் கழுவுங்கள். சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைத்துவிடும். அதன்பின்னும் வட்டம் தெரிந்தால் அது அரிப்பு, பாலிஷ்தான் வழி. கழுவிய பின்னும் தகடு கைக்குச் சொரசொரப்பாக இருந்தால், ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் கொண்டு இழுக்கலாம். காட்பாடி ரயில் நிலையம் போன்ற இடங்களில் அதிகம் நிறுத்துபவர்களுக்கு, ரயில் பிரேக்குகளிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு, அதற்கு இது தேவைப்படும். ஆனால் கிளே கருநிறத்தில் தானும் மெல்லிய மங்கலை உண்டாக்கக்கூடும் என்பதால், தேவையில்லாமல் தொட வேண்டாம்.

வேக்ஸுக்கு வருவோம். பேஸ்ட் வேக்ஸ் பூசிவிட்டு, அது வெண்மையாக உலரும் வரை காத்திருந்து துடைக்க வேண்டும். திறந்த தெருவில் அந்தக் காத்திருப்பில் தூசி படிந்துவிடும், துடைக்கும்போது அந்தத் தூசியையும் சேர்த்துத் தேய்ப்போம். அதனால் தெருவில் செய்பவருக்கு நான் சொல்வது, தெளித்துத் துடைக்கும் ஸ்பிரே சீலன்ட்; வேக்ஸைப் போலவே மேலே படலமாக அமரும் செயற்கைத் திரவம் இது. கழுவி உலர்த்திய ஒரு பகுதிமேல் இரண்டு முறை தெளித்து, ஒரு துண்டால் பரப்பி, உடனே இன்னொரு உலர்ந்த துண்டால் துடைத்துவிட்டால் அந்தப் பகுதி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முழுக்காரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த வாரம் பானட்டும் கூரையும், அடுத்த வாரம் பக்கங்கள் என்று பிரித்துக்கொள்ளலாம். மேல்நோக்கிய பகுதிகள்தான் வெயிலையும் எச்சத்தையும் தாங்குபவை, அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். எவ்வளவு நாள் நிற்கும் என்பதுதான் ஐயத்துக்குரியது. புட்டியில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கும்; நம் கோடையில் திறந்த இடத்தில் நிற்கும் கருநிறக் காரில் அதில் பாதியை எதிர்பார்ப்பதே சரியாக இருக்கும். நீர் உருண்டு ஓடாமல் தகட்டில் பரவி நின்றால் மறுபடி போடும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

பேஸ்ட் வேக்ஸ் தரும் ஆழமான மினுக்கத்தை, குறிப்பாகப் பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா வேக்ஸின் மினுக்கத்தைக் கருநீலத்தில் பார்த்தவர்கள் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஆண்டில் ஓரிரு முறை கூரையுள்ள ஓர் இடம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும். உறவினர் வீட்டு அடுக்குமாடியின் கீழ்த்தளமாக இருக்கலாம். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் கல்யாண மண்டபங்களின் கூரைபோட்ட வாகன நிறுத்தம் வெறிச்சோடிக் கிடக்கும். மேலாளரிடம் முறையாகக் கேட்டு, தண்ணீர் எதுவும் கொட்டப்போவதில்லை என்று விளக்கினால் இடம் தருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே கழுவிவிட்டு, மண்டபத்துக்கு ஓட்டிவந்ததில் படிந்த தூசியை அங்கே ரின்ஸ்லெஸ் கலவையால் ஒருமுறை துடைத்து, பிறகு பூசலாம். ஆடி மாதத்திலும் மண்டபங்கள் காலிதான், ஆனால் அம்மியைப் பறக்கவைக்கும் காற்றில் வேக்ஸ் வேலை ஆகாது. மிக மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசியதில் கூடுதல் பயன் இல்லை, துடைப்பதுதான் கடினமாகும்.

பெயிண்டின்மேல் கடினமாக இறுகும் பூச்சான செராமிக் கோட்டிங் செய்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று உங்களிடம் யாரேனும் சொல்வார்கள். நன்றாகச் செய்த செராமிக் கோட்டிங் வேக்ஸைவிடப் பல மடங்கு காலம் நிற்கும், அழுக்கும் எளிதில் விடும், இவை உண்மை. ஆனால் விளம்பரங்களில் வரும் 9எச் என்ற எண் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, மோஸ் அளவு அன்று. குவார்ட்ஸ் மணல் அதையும் கீறும். கடின நீரின் கறையும் அதன்மேல் படியத்தான் செய்யும். இப்போதுள்ள கீறல்களை நீக்காமல் பூசினால் அவற்றை மூடிப் பாதுகாத்ததாகிவிடும். முதலில் ஒரு பருவம் முழுவதும் மேலே சொன்னபடி கழுவிப் பாருங்கள், பிறகும் வேண்டுமென்று தோன்றினால் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் இடது பின்கதவு. தொழிற்சாலையில் பெயிண்ட் 140 டிகிரி அளவுக்குச் சுடப்பட்டு வெளியே வருகிறது. பட்டறையில் அந்த வெப்பத்தைக் கொடுத்தால் பிளாஸ்டிக் பாகங்களும் வயர்களும் உருகிவிடும் என்பதால், பூத் எனப்படும், பெயிண்ட் அடித்து உலர்த்தும் மூடிய அறை இருக்கும் இடத்தில் 60 டிகிரி அளவில் உலர்த்துகிறோம், பூத் இல்லாத இடத்தில் வெறும் காற்றில் உலர்கிறது. தொட்டால் காய்ந்துவிட்டதாகத் தெரிந்தாலும், உள்ளிருக்கும் கரைப்பான் பல வாரங்களுக்கு மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அதன்மேல் வேக்ஸ் படலம் போட்டால் அந்த வெளியேற்றம் தடைப்படும். எப்படி உலர்த்தினார்கள் என்று பட்டறையில் கேளுங்கள். பூத்தில் சுட்டது என்றால் குறைந்தது ஒரு மாதமும், காற்றில் உலர்ந்தது என்றால் மூன்று மாதமும் அந்தக் கதவுக்கு வேக்ஸோ சீலன்ட்டோ போடாதீர்கள். கழுவும் திரவத்திலேயே வேக்ஸ் கலந்த வகைகளும் விற்கின்றன, புட்டியைப் படித்துப் பார்த்து, அப்படியானால் அதுவரை அந்தக் கதவை வெறும் ஏ.சி. நீராலேயே கழுவிவிடுங்கள். இளகிய புதுப் பெயிண்டில் எச்சம் விரைவாகத் தடம் பதிக்கும், ஆகவே அந்த மாதங்களில் வண்டியின் இடப்பக்கம் மரக்கிளைக்கு வெளியே இருக்குமாறு திருப்பி நிறுத்துங்கள். பின்னாளில் பாலிஷ் செய்யக் கொடுக்கும்போது, அந்தக் கதவில் மட்டும் தடிமன் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதையும், அது மறுபடி அடித்த பெயிண்ட் என்பதையும் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றப் பகுதிகளில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர் அந்தக் கதவின் அளவை வைத்து முடிவுசெய்துவிடக் கூடாது.